ட்ரையர் அடுப்பும் கார் ஹீட்டரும்

மலைநாட்டுக் கராஜ்களுக்கு ஒரு கோளாறு மட்டும் எப்போதும் கீழிருந்துதான் ஏறி வருகிறது. டிசம்பர் விடுமுறையிலும் ஏப்ரல் வசந்த காலத்திலும் நுவரெலியாவுக்கு வருகிற கார்களில் அதைப் பார்க்கலாம். ஹீட்டரைப் போட்டால் காற்று வரும், சூடு வராது. கொழும்பில் வருஷம் முழுக்க அந்தப் பொத்தானுக்கு வேலையே இல்லை. நானுஓயா தாண்டி மூட்டம் இறங்கி, முன் கண்ணாடி உள்பக்கம் மங்கிய பிறகுதான் அதைத் தேடுகிறார்கள். "பாஸ், காத்து நல்லா வருது, சூடுதான் இல்ல" என்று வந்து நிற்பவரிடம் நான் முதலில் கேட்பது, "இதில தெர்மோஸ்டாட் இருக்குங்களா, சேர்?" என்பதுதான். அப்படி ஒரு சாமான் உண்டென்றே பலருக்குத் தெரியாது.

எஞ்சினுக்குள் கட்டாயம் இருக்க வேண்டிய ஒரு பொருள் இந்த நாட்டின் கார்களிலிருந்து எப்படிக் காணாமல் போனது, மலையில் இருந்தவர்கள் அதை ஏன் விடாமல் வைத்திருந்தார்கள் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. தேயிலைத் தோட்டத் துரைமாரைப் பற்றி நிறையப் புத்தகங்கள் வந்துவிட்டன. அவர்களுடைய கார்களுக்குள் கைவிட்டுத் தொழில் கற்றவர்களைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்ததை எழுதிவைக்கிறேன்.

மலைநாட்டுக்குக் காருக்கு முன்பே ஹீட்டர் வந்துவிட்டது. ஜேம்ஸ் டெய்லர் 1867-ல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். பறித்த கொழுந்தைக் களிமண் அடுப்பில் கரிநெருப்பு மூட்டி, மேலே தட்டு வைத்துக் காயவைத்தார். 1869-ல் கோப்பிச் செடியில் இலைநோய் கண்டு, கொஞ்ச வருஷத்தில் கோப்பித் தோட்டங்களெல்லாம் தேயிலைக்கு மாறின. அவ்வளவு கொழுந்தையும் கரியடுப்பில் காயவைக்க முடியுமா? வடகிழக்கு இந்தியாவின் கச்சாரில் 1864 முதல் தேயிலைத் தோட்டத்தில் இருந்த சாமுவேல் டேவிட்சன் என்ற அயர்லாந்துக்காரர் அதற்கு வழி கண்டார். நெருப்பு ஒரு பக்கம் எரியும். அதன் சூடு இரும்புக் குழாய்களில் ஏறும். அந்தக் குழாய்களைத் தொட்டுக்கொண்டு போகிற சுத்தமான காற்று கொழுந்தைக் காயவைக்கும். புகை தேயிலையை அண்டாது. 1881-ல் அவர் பெல்ஃபாஸ்டில் தொடங்கிய சிரொக்கோ தொழிற்சாலையின் ட்ரையர்கள் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தன. ரயில் 1884-ல் ஹட்டனுக்கும் 1885-ல் நானுஓயாவுக்கும் எட்டியதால் கனமான இரும்பு மலையேறுவது எளிதாயிற்று.

அந்த டேவிட்சன், ட்ரையருக்குள் காற்றை இன்னும் பலமாகத் தள்ளுவதற்காக 1890-களின் முடிவில் ஒரு விசிறி செய்தார். உருளை வடிவம், ஓரத்தைச் சுற்றி நெருக்கமாக, முன்னோக்கி வளைந்த சின்னச் சின்னத் தகடுகள். இன்று எந்த ஜப்பான் காரின் டேஷ்போட்டுக்கு அடியில் கைவிட்டு புளோவர் மோட்டாரைக் கழற்றினாலும் அதே விசிறிதான் கையில் வரும். அளவு சிறியது, இரும்புக்குப் பதில் பிளாஸ்டிக், அவ்வளவுதான் வித்தியாசம். தேயிலைக்காகப் பிறந்த விசிறி அது. என் கராஜில் வேலை பழகுகிற பையன்களுக்கு இதை நான் முதல் வாரமே சொல்லிவிடுவேன். அவர்கள் எல்லோருமே ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோதான்.

என் அப்பா லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்தின் ஸ்டோரில் ட்ரையர் அடுப்புக்கு விறகு போட்டவர். உள்ளே போகும் காற்று பரனைட் கணக்கில் இருநூறுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். வெளியேறும் காற்று நூற்றிருபது, நூற்று முப்பது. வெளியேறுகிற சூடு குறைந்தால் கொழுந்து காயாமல் வெந்துபோகும்; டீமேக்கர் சத்தம் போடுவார். அந்த நேரத்தில் அப்பா பார்ப்பது நான்கு இடங்களை. அடுப்பு சரியாக எரிகிறதா? குழாயில் கரி அடைத்திருக்கிறதா? விசிறியின் பெல்ட் வழுக்குகிறதா? காற்றை விடுகிற கதவு எந்த நிலையில் இருக்கிறது? பின்னாளில் நான் ஹட்டனில் தொழில் பழகப் போனபோது, கார் ஹீட்டரைப் பற்றி எனக்குப் புதிதாகக் கற்க வேண்டியது கொஞ்சம்தான். அடுப்புக்குப் பதில் எஞ்சின், குழாய்களுக்குப் பதில் ஹீட்டர் கோர் என்கிற குட்டி றேடியேட்டர். சூட்டைச் சுமந்து போவது தண்ணீர். விசிறியும் கதவும் அப்படியே இருந்தன.

துரைமாரின் முதல் கார்களில் ஹீட்டர் கிடையாது. முழங்காலுக்கு மேல் கம்பளி போட்டுக்கொண்டு ஓட்டினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த வண்டிகள்தான் எங்கள் தொழிலை வளர்த்தன: மொறிஸ் மைனர், ஒஸ்டின், லேண்ட் ரோவர். 1948-ல் வெளிவந்த மொறிஸ் மைனரில் முதலில் வோட்டர் பம்பே இல்லை. சூடான தண்ணீர் தானாக மேலேறும், குளிர்ந்தது கீழிறங்கும், அந்த ஓட்டத்தை நம்பித்தான் எஞ்சின் குளிர்ந்தது. அந்த மெதுவான ஓட்டம் ஹீட்டருக்குப் போதாது. 1950 இறுதியில் பம்ப் வைத்த பிறகுதான் கம்பனி ஹீட்டரை விற்க முடிந்தது, அதுவும் தனிக் காசுக்கு. இங்கிலாந்தின் ஸ்மித்ஸ் கம்பனி செய்த ஹீட்டர்கள்தான் அப்போது அதிகம். கொழும்புக்காரர் வாங்கிய காரில் ஹீட்டர் இருக்காது, பங்களாவுக்கு வந்த காரில் இருக்கும். பழைய மொறிஸ் ஒன்று இன்று விலைக்கு வந்தால் அது முதலில் எங்கே ஓடியது என்பதை நான் இதை வைத்தே சொல்லிவிடுவேன். தீத்தடுப்புத் தகட்டில் இரண்டு ஓஸ் நுழைந்த துவாரம் இருந்தால் அது மலை வண்டி.

அந்த மொறிஸின் எஞ்சின் தலையின் பின்பக்கம் சின்னப் பித்தளைத் திருகு ஒன்று உண்டு. அதைத் திறந்தால்தான் ஹீட்டருக்குச் சுடுதண்ணீர் போகும். துரை கொழும்புக்கு இறங்கும்போது டிரைவர் அதை மூடிவிடுவார். திரும்பி வரும்போது திறக்க மறந்தால் "ஹீட்டர் பழுது" என்று வண்டி கராஜுக்கு வரும். சிலசமயம் திருகு திறந்திருந்தும் தண்ணீர் வராது, உள்ளே துரு அடைத்திருக்கும். திருகைக் கழற்றி ஒரு துண்டுக் கம்பியால் குத்தினால், வெறுந்தேத்தண்ணி நிறத்தில் துருத்தண்ணீர் பீச்சும்.

தோட்டத்தில் அந்தச் சூடு யாருக்குக் கிடைத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தேயிலைக்கு ட்ரையர் இருந்தது. பங்களாவில் கணப்பு, காரில் ஹீட்டர். தொழிலாளர் குடியிருந்த லயத்துக் காம்பராவில் சமைக்கிற அடுப்பின் புகைதான் சூடு. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் புல்லில் வெள்ளையாகப் பனி உறைந்து கொழுந்து கருகுகிற காலையிலும், பெண்கள் தலையில் கம்பளியும் இடுப்பில் படங்குமாகப் பிரட்டுக்களத்தில் நிற்பார்கள். பஸ்ஸில் ஹீட்டர் இல்லை. டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கிற எஞ்சின் மூடிதான் எங்கள் ஹீட்டர். அதை ஒட்டிய இடத்துக்குப் போட்டி நடக்கும்.

கண்ணாடி மூட்டத்துக்கும் டிரைவர்மார் தங்கள் வைத்தியம் வைத்திருந்தார்கள். நுவரெலியாவில் உருளைக்கிழங்குக்குப் பஞ்சமில்லை. ஒரு கிழங்கை இரண்டாக வெட்டி, வெட்டுப்பக்கத்தால் கண்ணாடியைத் தேய்த்துவிட்டால் ஆவி துளியாகப் படியாமல் பரவிவிடும். சிலர் புகையிலையால் தேய்த்தார்கள். லொறிகளில் இதை நானே செய்து பார்த்திருக்கிறேன். கினிகத்தேனை வளைவுகளில் கொஞ்ச தூரம் தாங்கும்.

சூடு தேவைப்பட்ட அதே பாதையில்தான் சூடு எதிரியாகவும் இருந்தது. நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டனுக்கும், கம்பளையிலிருந்து புசல்லாவை, ரம்பொடை வழியாக நுவரெலியாவுக்கும் ஏறுகிற வண்டிகள் கொதித்தன. மேலே போகப் போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் என்பது இங்கே தேத்தண்ணி போடுகிறவர்களுக்கும் தெரியும். கடல்மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கிற தண்ணீர், 6,100 அடிக்கு மேலே இருக்கிற நுவரெலியாவில் 94 பாகையிலேயே கொதித்துவிடும். அழுத்தம் தாங்குகிற மூடி இல்லாத பழைய லொறிகளுக்கு அது பெரிய இழப்பு. அதனால் பாதையோரத்துப் பீலி ஒவ்வொன்றும் ஒரு தரிப்பிடம். கிளீனர் பையன் குதித்துச் சில்லுக்குக் கட்டை வைப்பான், வாளியில் பீலித் தண்ணீர் பிடிப்பான். டிரைவர் எஞ்சினை ஓடவிட்டபடி மெல்ல மெல்ல ஊற்றச் சொல்வார்; ஒரேயடியாகக் குளிர்ந்த தண்ணீர் போனால் எஞ்சின் வெடித்துவிடும். அவசரப்பட்டு மூடியைத் திறந்து ஆவியில் வெந்த தழும்பு அந்தக் காலத்துக் கிளீனர்கள் பலரின் முன்னங்கையில் இருந்தது. ஹீட்டர் இருந்த வண்டிக்காரர்கள், கொதிக்கத் தொடங்கினால் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டு வியர்க்க வியர்க்க ஏறினார்கள். அது இரண்டாவது றேடியேட்டராக வேலை செய்தது.

தெர்மோஸ்டாட் காணாமல் போனது இந்தக் கொதிப்பினால்தான். அது எஞ்சினுக்கும் றேடியேட்டருக்கும் நடுவில் நிற்கிற சின்னக் கதவு. எஞ்சின் 82 அல்லது 88 பாகைக்கு வரும்வரை தண்ணீரை றேடியேட்டருக்கு விடாது. அதற்குள் இருக்கிற மெழுகு சூட்டில் விரிந்து கதவைத் தள்ளித் திறக்கும். பழசானால் சிலது மூடியபடியே இறுகிவிடும், வண்டி கொதிக்கும். 1960-களில் அந்நியச் செலாவணி இல்லாமல் கார் இறக்குமதி இறுகியது, உதிரிப்பாகமும் அரிதாயிற்று. இறுகிய தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் புதியது கிடைக்காது. கழற்றி எறிந்தால் வண்டி கொதிக்காமல் ஓடுகிறது. கீழ்நாட்டுக்கு அது போதுமானதாக இருந்தது. தட்டுப்பாட்டுக் காலத்து வழி பிறகு தொழில் முறையாகவே ஆகிவிட்டது. இறக்குமதி திறந்த 1977-க்குப் பிறகும், புத்தம்புதுக் கார் கொதித்தாலும் முதல் வேலை அதைக் கழற்றுவதுதான். அந்தக் காலத்தில் அப்படிச் செய்தவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். சாமான் தாராளமாகக் கிடைக்கிற இன்றைக்கும் அதையே செய்வது எனக்குக் கோபத்தையே தருகிறது.

எனக்குத் தொழில் சொல்லித்தந்த பாஸ் அதைக் கழற்ற விடமாட்டார். அவரும் தோட்டத்தில் பிறந்தவர். எறியப்பட்ட தெர்மோஸ்டாட்டுகளைப் பொறுக்கி மண்ணெண்ணெயில் கழுவி, ஒவ்வொன்றையும் சோதிப்பார். ஒரு அலுமினியச் சட்டியில் தண்ணீர். நூலில் கட்டித் தொங்கவிட்ட தெர்மோஸ்டாட். பக்கத்தில் ஏதோ ஒரு ஸ்டோரில் கழித்துவிட்ட ட்ரையர் வெப்பமானி. 180 பரனைட்டுக்கு மேல் கதவு மெல்ல இமை திறப்பதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் கற்றுத்தந்த ஒரு விஷயத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. 88 பாகையில் திறக்கத் தொடங்குகிற தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்க 100 பாகை வேண்டும். ஹட்டனில் சட்டித் தண்ணீர் 96-லேயே கொதித்து நின்றுவிடும். எவ்வளவு விறகு போட்டாலும் அதற்குமேல் ஏறாது. ஆகவே அது அரைவாசிதான் திறக்கும். கீழ்நாட்டுப் புத்தகத்தைப் பார்த்துச் சோதிப்பவர் "இது சரியாத் திறக்கல" என்று நல்ல சாமானை எறிந்துவிடுவார். "மலையில அரை திறந்தாலே அது நல்லதுடா தம்பி" என்பார் பாஸ்.

தோட்டத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப 1964-ல் எழுதிய சிரிமா–சாஸ்திரி ஒப்பந்தம் என் பாஸையும் கொண்டுபோனது. எழுபதுகளில் ஒருநாள் குடும்பத்தோடு தலைமன்னார் ரயிலேறினார். கப்பல் கடந்து, நீலகிரியில் கோத்தகிரிக்குப் போனார். தாயகம் திரும்பியவர்களுக்கென்று தமிழ்நாடு அரசு 1968-ல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் ஒன்றில் வேலை. ஹட்டனில் பழகிய கை அங்கே உதவியிருக்கும். இங்கே கராஜ்கள் வெறுமையாயின. வெல்டிங் தெரிந்தவர் ஒரு பக்கம், றேடியேட்டருக்கு ஈயம் பற்றவைக்கிறவர் ஒரு பக்கம் என்று நல்ல தொழிலாளிகள் பலர் போய்விட்டார்கள். குடியுரிமை இல்லாத பிள்ளைகளுக்கு அரசாங்க வேலை கிடையாது என்பதால்தான் எங்கள் ஆட்களில் பலர் கராஜுக்கு வந்தார்கள். அதே காரணம் அவர்களைக் கராஜிலிருந்தும் பிரித்தெடுத்தது. எங்கள் தொழிலில் இன்னும் ஆறாத நட்டம் அது.

பிறகு ஜப்பான் வண்டிகளின் காலம். ஜப்பானில் ஓடி இங்கே வந்த றீகண்டிஷன் கார்களிலும் வான்களிலும் ஹீட்டர் முழுமையாக இருந்தது. அந்த நாட்டுக் குளிருக்குச் செய்தவை. கொழும்பில் ஹீட்டர் கோர் ஒழுகினால் டேஷ்போட்டைக் கழற்ற வேண்டும், கூலி அதிகம். ஆகவே இரண்டு ஓஸையும் வெட்டி, வளைந்த குழாய் ஒன்றால் இணைத்துவிடுகிறார்கள். ஏசி நன்றாகக் குளிர வேண்டும் என்பதற்காகவும் இப்படிச் செய்வதுண்டு. போனட்டைத் திறந்ததும் நான் முதலில் தேடுவது அந்த வளைந்த குழாயை. இருந்தால் மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டியதில்லை. அந்தக் காரில் ஹீட்டரே இல்லை.

குழாய் இல்லையென்றால், எஞ்சின் சூடேறியதும் உள்ளே நுழைகிற இரண்டு ஓஸையும் தொடுவேன். இரண்டும் பிடிக்க முடியாத சூடென்றால் தண்ணீரில் குறையில்லை. உள்ளே சூட்டையும் குளிரையும் பிரிக்கிற கதவின் கேபிள் கழன்றிருக்கும், அல்லது அதைத் திருப்புகிற சின்ன மோட்டார் நின்றிருக்கும். ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்தால் கோர் அடைப்பு, அல்லது வால்வு மூடிக்கிடக்கிறது. அடைப்பென்றால், வெளியேறுகிற ஓஸ் பக்கமிருந்து குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விட்டு எதிர்த்திசையில் கழுவுவேன். பழைய செப்புக் கோராக இருந்தால் ஒழுகலுக்கு ஈயம் வைக்கலாம். இப்போதைய அலுமினியத்தில் அது முடியாது.

இரண்டு ஓஸும் வெதுவெதுப்பாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும். அப்போது வண்டிக்காரரிடம் பாதையைப் பற்றிக் கேட்பேன். "ஏறும்போது கொஞ்சம் சூடு வந்துச்சா? இறங்கும்போது இல்லாமப் போயிருச்சா?" ஆமென்றால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடி இறுகிவிட்டது. நுவரெலியாவிலிருந்து லபுக்கலை, ரம்பொடைப் பக்கம் இறங்கும்போது கால் எக்ஸலேட்டரில் இருக்காது. எஞ்சினுக்குள் எரிவதே இல்லை. உள்ள சூட்டையும் றேடியேட்டர் எடுத்து மூட்டத்தில் கரைத்துவிடும். கொழும்பின் சமதரையில் இந்தக் குறை வருஷக்கணக்கில் தெரியாது, எங்கள் இறக்கம் அரை மணி நேரத்தில் காட்டிவிடும். மாறாக, மிதித்தால் சூடு, நின்றால் குளிர் என்றால் தண்ணீர் குறைவு, உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது. அடிக்கடி தண்ணீர் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டையும் சந்தேகிக்க வேண்டும். காற்றை எடுக்கக் காரின் மூக்கு உயர்ந்திருக்க வேண்டும். ஜாக்கி தேவையில்லை, கராஜ் வாசலே ஏற்றம். மூக்கை மேலே வைத்து நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்து ஊற்றி, பிறகு ஓடவிட்டால் குமிழி குமிழியாக வெளியே வரும். குமிழி நின்று, இரண்டு ஓஸும் ஒரே சூட்டுக்கு வரும்வரை நான் மூடியைப் போடுவதில்லை.

தெர்மோஸ்டாட்டை மறுபடி மாட்டுங்கள் என்று கொழும்புக் கார்க்காரர்களிடம் சொன்னால் பயப்படுவார்கள். "அதைப் போட்டா கொதிக்கும்னு எங்க பாஸ் சொன்னாரே" என்பார்கள். குளிரைச் சொல்லியும் எஞ்சின் தேய்மானத்தைச் சொல்லியும் அவர்களை மாற்ற முடியவில்லை. மாற்றியது பெட்ரோல் விலை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரி வரை திறக்கவில்லை. இருக்கிற காரைக் காப்பாற்றியே ஆகவேண்டும். நடுவில் 2022 ஜூனில் பெட்ரோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது, அதற்கும் வரிசை. டொயோட்டா அக்வா போன்ற ஹைபிரிட் கார்கள் எஞ்சின் சூடேறிய பிறகுதான் அதை நிறுத்தி பேட்டரியில் ஓடும். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் சூடேறவே மாட்டேனென்கிறது, கம்பியூட்டர் அதை ஓடவிட்டுக்கொண்டே இருக்கும், பெட்ரோல் எரியும். அந்த வருஷம்தான் கீழ்நாட்டு வண்டிக்காரர்கள், "பாஸ், அந்தச் சாமானைப் போட்டுத் தாங்க" என்று தாங்களாகவே கேட்டார்கள். ஹீட்டரைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. போட்டுமுடித்து நானுஓயா வரை ஓட்டிப் பார்க்கும்போது நான்தான் அந்தப் பொத்தானைத் திருப்புவேன்.